அதே கேபிள் லேப்டாப்பில் ஓடுகிறது, புது கம்ப்யூட்டரில் ஓடவில்லை: போர்டுதான் காரணமா?

கேள்வி இது: "பாகங்களைத் தனித்தனியாக வாங்கி நானே அசெம்பிள் செய்த கம்ப்யூட்டர். பி760 மதர்போர்டு, 2.5 ஜி (கிகாபிட்) லேன் போர்ட், விண்டோஸ் 11. லேன் கேபிளைச் செருகினால் கனெக்ட் ஆகிறது. சற்று நேரத்தில் 'நெட்வொர்க் கேபிள் அன்பிளக்டு' என்று காட்டுகிறது. மறுபடி வருகிறது, மறுபடி போகிறது. அதே கேபிளைப் பழைய லேப்டாப்பில் போட்டால் ஒரு பிரச்சினையும் இல்லை. போனில் வைஃபையும் நன்றாக வருகிறது. நெட்வொர்க் ரீசெட் செய்தேன், விண்டோஸையே மறுபடி போட்டும் பார்த்தேன். கடையில் கேட்டால் போர்டை மாற்ற வேண்டியிருக்கும் என்கிறார்கள். போர்டு போய்விட்டதா?"

போர்டாகவும் இருக்கலாம். ஆனால் நீங்கள் சொன்னதை வைத்துப் பார்த்தால் எனக்கு முதல் சந்தேகம் கேபிள் மேல்தான். லேப்டாப்பில் ஓடுகிறதே என்பீர்கள். அதனால்தான் சந்தேகம் இன்னும் கூடுகிறது. ஏன் என்று சொல்கிறேன்.

முதலில் விண்டோஸ் சொல்லும் செய்தியைக் கவனியுங்கள். 'நோ இன்டர்நெட்' என்பது வேறு, 'கேபிள் அன்பிளக்டு' என்பது வேறு. முதலாவது வந்தால், கம்பி வழியாக இரண்டு பக்கமும் பேசிக்கொண்டுதான் இருக்கின்றன, அதற்கு மேலே முகவரியிலோ ரூட்டரிலோ ஏதோ சிக்கல் என்று அர்த்தம். இரண்டாவது வந்தால், எதிர்முனையின் சிக்னலே தனக்குச் சரியாக வரவில்லை என்று லேன் சிப் சொல்கிறது. ஐபி முகவரி, டிஎன்எஸ் (தளத்தின் பெயரை முகவரியாக மாற்றித் தருவது), ஃபயர்வால் எல்லாம் இதற்கு மேல்மாடியில் இருப்பவை. அதனால் நெட்வொர்க் ரீசெட் உங்களுக்கு உதவியிருக்க வாய்ப்பே இல்லை. புதிதாக விண்டோஸ் போட்ட கம்ப்யூட்டரில் ரீசெட் செய்வதற்கு ஒன்றும் சேர்ந்திருக்காது. இணையத்தில் எந்த நெட் பிரச்சினைக்கும் முதல் மருந்தாக இதையே எழுதிவிடுகிறார்கள், நேரம்தான் வீணாகிறது.

இப்போது லேப்டாப் விஷயத்துக்கு வருவோம். லேன் கேபிளுக்குள் எட்டு கம்பிகள், நான்கு ஜோடிகளாக முறுக்கியிருக்கும்: ஆரஞ்சு, பச்சை, நீலம், பழுப்பு. 100 மெகாபிட் வேகத்துக்கு இதில் இரண்டு ஜோடி போதும். வழக்கமான டி568பி வரிசையில் 1, 2-ஆம் பின்களில் ஆரஞ்சு ஜோடியும் 3, 6-ஆம் பின்களில் பச்சை ஜோடியும் வருகின்றன. நீலம், பழுப்பு இரண்டும் சும்மாதான் கிடக்கும். 1999-இல் வந்த கிகாபிட் தரத்திலிருந்து கதை மாறிவிட்டது. 1 ஜி ஆனாலும் 2.5 ஜி ஆனாலும் நான்கு ஜோடிகளும் வேண்டும். ஒரு கம்பி அறுந்திருந்தாலும் அந்த வேகம் கிடைக்காது.

பழைய, விலை குறைந்த லேப்டாப்கள் பலவற்றில் 100 மெகாபிட் போர்ட்தான் இருக்கிறது. நீலமோ பழுப்போ உள்ளே அறுந்திருந்தால் அந்த லேப்டாப்புக்குத் தெரியவே தெரியாது, ஜம்மென்று ஓடும். உங்கள் புது போர்டு அப்படி இல்லை. எந்த வேகத்தில் பேசலாம் என்று இரண்டு பக்கமும் பேசி முடிவு செய்வது ஆரஞ்சு, பச்சை ஜோடிகளில்தான் நடக்கிறது. அந்த ஜோடிகள் நன்றாக இருப்பதால் "சரி, கிகாபிட்டில் போவோம்" என்று இரண்டும் ஒத்துக்கொள்கின்றன. உடனே நான்கு ஜோடிகளையும் இயக்கப் பார்க்கின்றன. நீலத்தில் பதில் இல்லை. இணைப்பு விழுகிறது. மறுபடி பேச்சுவார்த்தை, மறுபடி ஒப்புக்கொள்ளல், மறுபடி விழுதல். சில சிப்கள் இரண்டு மூன்று முறை தோற்றதும் தாமாகவே 100-க்கு இறங்கிவிடும். சில இந்தச் சுற்றிலேயே மாட்டிக்கொள்ளும். கம்பி முழுக்க அறாமல் தொட்டும் தொடாமலும் இருந்தால் சற்று நேரம் ஓடிவிட்டுப் போகும். நீங்கள் எழுதியிருக்கும் அறிகுறி இதோடு நன்றாகவே பொருந்துகிறது.

இதை உறுதி செய்யப் புது கேபிள்கூட வேண்டாம். டிவைஸ் மேனேஜரைத் திறந்து, நெட்வொர்க் அடாப்டர்ஸ் என்பதன் கீழே உங்கள் லேன் சிப்பை இரட்டை கிளிக் செய்து, அட்வான்ஸ்டு பக்கத்துக்குப் போங்கள். 'ஸ்பீடு & டூப்ளெக்ஸ்' என்று ஒரு வரி இருக்கும். அதில் '100 எம்பிபிஎஸ் ஃபுல் டூப்ளெக்ஸ்' தேர்ந்தெடுத்து ஓகே கொடுங்கள். அரை மணி நேரம் ஏதாவது வீடியோ ஓடவிட்டுப் பாருங்கள். இணைப்பு அசையாமல் நின்றால் ஆரஞ்சும் பச்சையும் நலம், மற்ற இரண்டில் ஒன்று சரியில்லை என்று கிட்டத்தட்ட முடிவு கட்டிவிடலாம். போர்டின் மேல் பழி போட இன்னும் காரணம் கிடைக்கவில்லை.

சோதனை முடிந்ததும் அந்த வரியைக் கையோடு ஆட்டோவுக்கே மாற்றிவிடுங்கள். 100 ஃபுல் என்று நீங்கள் கட்டாயப்படுத்தி, ரூட்டர் பக்கம் ஆட்டோவில் இருந்தால், ரூட்டர் அதைப் பாதி டூப்ளெக்ஸ் (ஒரு நேரத்தில் அனுப்புவது, வாங்குவது இரண்டில் ஒன்று மட்டும்) என்று எடுத்துக்கொள்ள வாய்ப்புண்டு. பார்க்க இணைப்பு இருக்கும், ஆனால் பெரிய ஃபைல் இறக்கும்போது வேகம் ஊர்ந்து போகும். பிறகு அதற்கு வேறு காரணம் தேடி அலைவீர்கள்.

அடுத்து கேபிளின் இரண்டு நுனிகளையும் வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். ஜாக்கின் பிளாஸ்டிக் கண்ணாடி போல இருப்பதால் உள்ளே நிறங்கள் தெரியும். கிளிப் கீழ்ப்பக்கம் இருக்கும்படி, கம்பி நுழையும் பக்கத்தை உங்களை நோக்கி வைத்துக்கொண்டால் இடமிருந்து வலமாக ஆரஞ்சு-வெள்ளை, ஆரஞ்சு, பச்சை-வெள்ளை, நீலம், நீல-வெள்ளை, பச்சை, பழுப்பு-வெள்ளை, பழுப்பு என்று இருக்க வேண்டும். பச்சை ஜோடி பிரிந்து, நடுவில் நீலம் உட்கார்ந்திருப்பதைக் கவனியுங்கள். கிரிம்ப் செய்யும்போது (கம்பிகளை ஜாக்குக்குள் வைத்து அழுத்திப் பொருத்தும்போது) ஜோடி ஜோடியாக அழகாக அடுக்கிவிடுகிறவர்கள் உண்டு: ஆரஞ்சு ஜோடி, பச்சை ஜோடி, நீல ஜோடி, பழுப்பு ஜோடி. இரு முனையிலும் அதே வரிசை இருப்பதால், எட்டு விளக்கு ஒவ்வொன்றாக எரியும் சாதாரண டெஸ்டரில் 'பாஸ்' ஆகிவிடும். ஆனால் 3, 6-ஆம் பின்களுக்கு ஒன்றோடொன்று முறுக்கப்படாத இரண்டு கம்பிகள் போய்விடுவதால் சிக்னல் கெட்டுப் போகும். சின்னத் தூரத்துக்கு எப்படியோ ஓடும், நீளம் கூடினால் ஓடாது.

வீட்டுக்குள் கேபிள் இழுத்தவர் ஒரே கேபிளை இரண்டாகப் பிரித்து, இரண்டு ஜோடியை உங்கள் அறைக்கும் மற்ற இரண்டை இன்னொரு அறைக்கோ கேமராவுக்கோ கொடுத்திருந்தாலும் இதே கதைதான். ஜாக்குக்குள் நான்கு கம்பிதான் தெரிகிறது என்றால் அதுதான் நடந்திருக்கிறது. அந்தக் கேபிளில் கிகாபிட் ஒருநாளும் வராது, புதிதாகத்தான் இழுக்க வேண்டும்.

புது கேபிள் வாங்கினால் முழுச் செம்பு என்று கேட்டு வாங்குங்கள். அலுமினியக் கம்பிக்கு மேலே செம்புப் பூச்சு போட்டதும் கேட்-6 என்ற பெயரில் கடைகளில் விலை குறைவாகத் தொங்குகிறது. அது அந்தத் தரத்துக்குள் வராத பொருள். வளைத்தால் சீக்கிரம் உடையும், கிரிம்ப் செய்த இடத்தில் நாளடைவில் தளரும். அதை நான் வாங்க மாட்டேன். உண்மையான கேட்-5இ இருந்தாலே 1 ஜி, 2.5 ஜி இரண்டுக்கும் 100 மீட்டர் வரை போதும். கேட்-7, கேட்-8 என்று காசைக் கொட்டத் தேவையில்லை. இப்போதைக்கு ரெடிமேடாக ஜாக் போட்டு வரும் 2 மீட்டர் கேபிள் ஒன்றை வாங்கி, கம்ப்யூட்டரை ரூட்டர் பக்கத்திலேயே தூக்கி வைத்துச் சோதியுங்கள். சுவருக்குள் ஓடும் கேபிள், சுவர் சாக்கெட், நடுவில் நெட்வொர்க் ஸ்விட்ச் என்று எதுவும் வேண்டாம்.

புது கேபிளிலும் அதே தொல்லை என்றால் கம்ப்யூட்டர் பக்கம் வருவோம். கடையில் சேர்த்துத் தரும் கம்ப்யூட்டரை யாராவது ஒருமுறை ஓட்டிப் பார்த்திருப்பார்கள். நாமே சேர்த்ததை நாம்தான் முதலில் சோதிக்கிறோம். அதனால் பொருத்தும்போது நடக்கும் கோளாறுகளை முதலில் பார்க்க வேண்டும்.

அவற்றில் பலர் கவனிக்காமல் விடுவது ஐஓ ஷீல்டு. கேபினட்டின் பின்பக்கம் போர்ட்களைச் சுற்றி வரும் மெல்லிய தகடு அது. சில போர்டுகளில் போர்டோடு சேர்ந்தே வரும், சிலவற்றில் தனியாகப் பெட்டியில் இருக்கும். தனியாக வருவதில் ஒவ்வொரு ஓட்டைக்கும் மேலே நாக்கு போல வளைந்த சின்னத் தகடுகள் இருக்கும், போர்ட்டின் வெளிக்கூட்டை அழுத்தித் தொடுவதற்காக. போர்டை உள்ளே இறக்கும்போது அந்த நாக்கு போர்ட்டின் மேலே போகாமல் உள்ளே போய்விடும். யுஎஸ்பியில் இப்படி ஆனால் பென் டிரைவ் நுழையாது, உடனே தெரிந்துவிடும். லேன் போர்ட்டில் ஓட்டை பெரிது என்பதால் ஜாக் எப்படியோ நுழைந்துவிடும், ஆனால் கடைசி வரை போகாது. நண்பர் ஒருவரின் கம்ப்யூட்டரில் பார்த்தேன். ஜாக்கைத் தள்ளினால் 'டிக்' சத்தம் வரவில்லை. கையால் அழுத்திப் பிடித்திருக்கும் வரை விளக்கு எரிந்தது, விட்டால் அணைந்தது. டார்ச் அடித்துப் பார்த்தால் உள்ளே மேல்பக்கத்தில் தகடு மடிந்து கிடந்தது. போர்டைக் கழற்றி, நாக்கை வெளியே நீவிவிட்டு மாட்டியதும் சரியாகிவிட்டது. நீங்களும் கம்ப்யூட்டரை அணைத்து, பவர் கேபிளைக் கழற்றி, டார்ச் அடித்து உள்ளே பாருங்கள். எட்டு தங்க நிறக் கம்பிகளும் ஒரே மட்டத்தில் வரிசையாக நிற்க வேண்டும். ஒன்று மட்டும் அமுங்கியிருந்தாலோ பக்கத்துக் கம்பியோடு ஒட்டியிருந்தாலோ காரணம் அங்கேயே இருக்கிறது.

அதுவும் சரியாக இருந்தால், உங்கள் போர்டில் இருப்பது எந்த லேன் சிப் என்று பாருங்கள். டிவைஸ் மேனேஜரில் பெயரே இருக்கும். 2.5 ஜி உள்ள இந்த வகைப் போர்டுகளில் பொதுவாக ரியல்டெக் 8125 அல்லது இன்டெல் ஐ226-வி இருக்கும்.

இன்டெல்லின் 2.5 ஜி சிப்களுக்கு ஒரு முன்கதை உண்டு. முதலில் வந்த ஐ225-வி-யின் ஆரம்பப் பதிப்புகளில் பாக்கெட்டுகளுக்கு (தகவல் துண்டுகளுக்கு) நடுவே விட வேண்டிய இடைவெளி தரம் சொன்னதைவிடக் குறைவாக இருந்தது. சில நெட்வொர்க் ஸ்விட்ச்களோடு 2.5 ஜி வேகத்தில் சேர்த்தால் பாக்கெட்டுகள் தொலைந்தன. அது சிலிக்கானிலேயே இருந்த பிழை. வேகத்தை 1 ஜி-க்குக் குறைப்பதுதான் அப்போது வழியாக இருந்தது, பிறகு பி3 என்ற திருத்திய பதிப்பு வந்தது. அடுத்து வந்த ஐ226-வி-யில் இணைப்பு திடீர் திடீரென்று சில விநாடி அறுந்து மறுபடி வருவதாகப் பலர் புகார் சொன்னார்கள். சும்மா இருக்கும்போது மின்சாரத்தை மிச்சம் பிடிக்கும் 'எனர்ஜி எஃபிஷியன்ட் ஈதர்நெட்' வசதியை அணைப்பதுதான் அதற்குப் பரவலாகச் சொல்லப்பட்ட தீர்வு.

உங்களுடையது இன்டெல் ஆனாலும் ரியல்டெக் ஆனாலும் அந்த அட்வான்ஸ்டு பக்கத்தில் இதை அணைத்துப் பாருங்கள். ரியல்டெக்கில் 'கிரீன் ஈதர்நெட்' என்று இன்னொன்றும் இருக்கும், அதையும் அணையுங்கள். பவர் மேனேஜ்மென்ட் பக்கத்தில், மின்சாரம் மிச்சம் பிடிக்க இந்தச் சாதனத்தை அணைக்கலாம் என்ற பெட்டியில் டிக் இருந்தால் எடுத்துவிடுங்கள். வீட்டுக்கு ஆகும் மின்செலவில் இது கணக்கிலேயே வராது. அப்புறம் போர்டு தயாரிப்பாளரின் தளத்திலிருந்தோ சிப் தயாரிப்பாளரின் தளத்திலிருந்தோ புது டிரைவரை எடுத்துப் போடுங்கள். டிரைவர் அப்டேட்டர் என்ற பெயரில் விளம்பரம் செய்யும் மென்பொருள்கள் பக்கம் போக வேண்டாம்.

நெட்டே இல்லாமல் டிரைவரை எப்படி இறக்குவது என்று கேட்பீர்கள். ஆண்ட்ராய்டு போனை யுஎஸ்பி கேபிளில் மாட்டி, ஹாட்ஸ்பாட் செட்டிங்கில் 'யுஎஸ்பி டெதரிங்' போடுங்கள். பெரும்பாலும் அதற்குத் தேவையான டிரைவர் விண்டோஸிலேயே இருப்பதால், போனின் நெட் கம்ப்யூட்டருக்கு வந்துவிடும். டிவைஸ் மேனேஜரில் 'ஈதர்நெட் கன்ட்ரோலர்' என்று மஞ்சள் குறியோடு நிற்கிறவர்களுக்கும் இதுதான் வழி. அவர்கள் அதன் ப்ராபர்ட்டீஸில் ஹார்ட்வேர் ஐடியில் 'VEN_' என்பதை அடுத்து 8086 என்று இருந்தால் இன்டெல், 10ஈசி என்றால் ரியல்டெக். அந்தப் பட்டியலில் லேன் சிப்பே இல்லை என்றால் பயோஸில் (விண்டோஸ் தொடங்கும் முன் வரும் போர்டின் செட்டிங்கில்) 'ஆன்போர்டு லேன்' அணைந்திருக்கிறதா என்று பாருங்கள்.

எந்த நேரத்தில் அறுகிறது என்பதும் நிறையச் சொல்லும். ஈவென்ட் வியூவரில் விண்டோஸ் லாக்ஸ், அதற்குள் சிஸ்டம் என்று போனால் ஒவ்வொரு துண்டிப்பும் மணி நிமிடத்தோடு பதிவாகியிருக்கும். இன்டெல் சிப் என்றால் 27 என்ற எண்ணில் 'நெட்வொர்க் லிங்க் இஸ் டிஸ்கனெக்டட்' என்று வரும். சில விநாடிக்கு ஒருமுறை விடாமல் அறுகிறது என்றால் கம்பி அல்லது ஜாக். கம்ப்யூட்டரைச் சும்மா விட்டிருக்கும்போது மட்டும் அறுகிறது என்றால் மின்சாரச் சிக்கன வசதிகள்.

இன்னொரு சின்ன வேலை. கம்ப்யூட்டரை அணைத்தாலும் லேன் சிப்புக்கு எஸ்எம்பிஎஸ்-இலிருந்து (மின்சாரம் தரும் பெட்டியிலிருந்து) 5 வோல்ட் ஸ்டாண்ட்பை மின்சாரம் போய்க்கொண்டே இருக்கும். சிப் ஏடாகூடமான நிலையில் மாட்டிக்கொண்டால் ரீஸ்டார்ட் செய்வது வேலைக்கு ஆகாது. ஷட் டவுன் செய்து, பின்பக்க ஸ்விட்சை அணைத்து, பவர் கேபிளைப் பிடுங்கி, முன்பக்கப் பவர் பட்டனை அரை நிமிடம் அழுத்திப் பிடித்துவிட்டு, பிறகு எல்லாவற்றையும் மாட்டுங்கள். ஒரு ரூபாய் செலவில்லாத இந்த வேலையில் உயிர் பெற்ற போர்ட்கள் நிறைய.

இதுவரை சொன்னதெல்லாம் செய்தும் அறுந்தால், விண்டோஸ் போல இன்னொரு இலவச இயங்குதளமான உபுண்டுவை ஒரு பென் டிரைவில் ஏற்றி, இன்ஸ்டால் செய்யாமல் அதிலிருந்தே பூட் செய்து பாருங்கள். அங்கே கிகாபிட்டில் மணிக்கணக்காக நிற்கிறது என்றால் போர்டு நலம், விண்டோஸ் டிரைவரில்தான் கோளாறு. அங்கேயும், புது கேபிளில், ரூட்டரின் வேறு வேறு போர்ட்களில், அதேபோல அறுகிறது என்றால் இப்போதுதான் போர்டைச் சந்தேகிக்க வேண்டும். ரூட்டரின் போர்ட்டை மாற்றச் சொல்வதற்கும் காரணம் இருக்கிறது. வீட்டுக்கு ஃபைபர் கொடுக்கும்போது வைத்துவிட்டுப் போகும் விலை குறைந்த பெட்டிகளில் பலவற்றில் ஒரு போர்ட் மட்டும் கிகாபிட், மற்றவை 100 மெகாபிட். '100'-லேயே நிற்கிறது, வேகம் ஏறவில்லை என்று புலம்புகிறவர்கள் பலருக்கு அதுவே பதில்.

இணைப்பு அறாமல் இருக்கிறது, ஆனால் நெட் மட்டும் இல்லை என்ற நிலைக்கு வந்தால் அது வேறு பாதை, சுருக்கமாகச் சொல்கிறேன். கமாண்ட் ப்ராம்ப்ட்டில் ஐபிகான்ஃபிக் கொடுங்கள். 169.254 என்று தொடங்கும் முகவரி இருந்தால் ரூட்டர் முகவரி தரவில்லை, விண்டோஸ் தானாக ஒன்றை வைத்துக்கொண்டிருக்கிறது. ரூட்டர் இல்லாமல் கேபிள்காரரின் ஒயர் நேராகக் கம்ப்யூட்டருக்கு வரும் வீடுகளில், பழைய கம்ப்யூட்டரின் மேக் முகவரி (லேன் சிப்பின் அடையாள எண்) அவர்கள் பக்கம் பதிவாகியிருக்கும். புதியதைச் சொல்லி மாற்றச் சொல்ல வேண்டும். முகவரி 192.168 என்று ஒழுங்காக இருந்தால் முதலில் ரூட்டரை பிங் செய்யுங்கள் (பதில் வருகிறதா என்று பார்க்கும் கட்டளை இது), பிறகு இணையத்தில் இருக்கும் கூகுளின் 8.8.8.8-ஐ, பிறகு ஏதாவது ஒரு தளத்தின் பெயரை. எது வரைக்கும் பதில் வருகிறதோ அது வரைக்கும் நலம். பெயருக்கு மட்டும் பதில் இல்லை என்றால் டிஎன்எஸ். எல்லாவற்றுக்கும் பதில் வந்தும் தளங்கள் திறக்காமல் பாதுகாப்பு எச்சரிக்கை காட்டினால் கம்ப்யூட்டரின் தேதியைப் பாருங்கள். புது போர்டில் தேதி எங்கோ பழைய ஆண்டில் நின்றால் தளங்களின் பாதுகாப்புச் சான்றிதழ் எல்லாம் செல்லாததாகத் தெரியும்.

போர்ட்தான் போயிருக்கிறது என்று உறுதியானால் இரண்டு வழி. புது போர்டு என்பதால் வாரண்டியில் இருக்கும், இந்தியாவில் பெரும்பாலான போர்டுகளுக்கு 3 ஆண்டு. ஆனால் லேன் ஒன்றுக்காக முழுப் போர்டையும் கழற்றிக் கொடுத்துவிட்டு, திரும்பி வரும் வரை கம்ப்யூட்டர் இல்லாமல் இருக்க வேண்டும். இன்னொரு வழி, காலியாக இருக்கும் சின்ன பிசிஐஇ ஸ்லாட்டில் ஒரு கிகாபிட் கார்டு போட்டுவிட்டு, பயோஸில் பழைய லேனை அணைத்துவிடுவது. வாங்கிப் பல மாதம் ஆன போர்டு என்றால், அதிலும் மொட்டை மாடி வழியாக வரும் செம்பு ஒயரில் இடி இறங்கிப் போன போர்ட் என்றால், நான் கார்டைத்தான் போடச் சொல்வேன். மின்னல் பாதிப்பை வாரண்டியில் எடுத்துக்கொள்வது அரிது. உங்களுடையது புதுப் போர்டு. காசு கொடுத்து வாங்கிய 2.5 ஜி வேலை செய்ய வேண்டும், வாரண்டியிலேயே கேளுங்கள்.

கொடுக்கும் முன் ஒன்று செய்யுங்கள். பிராசஸரை எடுத்த பிறகு, அந்த சாக்கெட்டில் இருக்கும் மெல்லிய பின்களை நல்ல வெளிச்சத்தில் அருகில் வைத்துப் படம் எடுங்கள். பெட்டியில் வந்த கறுப்பு பிளாஸ்டிக் மூடியை அதன் மேல் மாட்டி, மூடியோடும் ஒரு படம், போர்டின் சீரியல் எண் தெரியும்படி இன்னொரு படம். சாக்கெட் பின் வளைந்திருந்தால் வாரண்டி இல்லை என்று திருப்பிவிடுவார்கள், அது எங்கே வளைந்தது என்று பிறகு வாதாட உங்கள் கையில் எதுவும் இருக்காது. அந்த மூடியைத் தூக்கிப் போட்டிருந்தால், கொடுக்கப் போகும் முன்பே கடையில் ஒன்று கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.